கராஜ் அடுப்பும் ஒரு மிளாவும்

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்புகள். சமையலறைக்குள் இருப்பது சைவ அடுப்பு. கராஜில், காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய மேசைமேல் காஸ் சிலிண்டரோடு உட்கார்ந்திருப்பது என்னுடையது. கணவர் பிறந்ததிலிருந்து சைவம். கறிக்குழம்பு கொதிக்காவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்ற வீட்டில் வளர்ந்தவள் நான். காதலித்தபோது இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கல்யாணம் என்று வந்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ என்ன வேணாலும் சாப்பிடு. வீட்டுக்குள்ள சமைக்க மட்டும் வேண்டாம்." சரி என்றேன். மெல்பர்ன் புறநகரான கிரான்பர்னில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று ஏஜென்ட் சமையலறையின் கல் மேடையைத் தடவித் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கராஜில் மேசை போட இடம் இருக்குமா என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. சனிக்கிழமை காலையில் ஒரு வீட்டின் கராஜ் கதவு முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தால், உள்ளே யாரோ மீன் பொரிக்கிறார்கள் என்று அர்த்தம். ஜூலைக் குளிரில் ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்று கறி வதக்கியிருக்கிறேன். குறை சொன்னதில்லை. சொல்லப்போனால் எனக்கு அந்த இடம் பிடிக்கும். அங்கே நான் யாருக்கும் மருமகள் இல்லை. என் அம்மா வீட்டு மசாலாவை அம்மா வீட்டு அளவிலேயே அள்ளிப் போடுவேன், யாரும் தும்முவதில்லை. அந்த அடுப்பும் போய்விட்டால் இந்த வீட்டில் பிறந்த வீட்டு அடையாளமாக என் மூக்குத்தியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

அப்பேர்ப்பட்ட அடுப்பைத்தான் ஒருநாள் கோபத்தில் பந்தயமாக வைத்தேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. சின்னவளாக இருந்தவரை கராஜ் படியில் உட்கார்ந்து, வாணலியிலிருந்து துண்டுகளை எடுக்க எடுக்க வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். இனிமேல் கறி வேண்டாமாம். அதுவரைக்கும் சரி, அவள் இஷ்டம். அதோடு விட்டாளா? "அம்மா, நீயா கொல்ற? காசு குடுத்து வேற யாரையோ கொல்ல வைக்கிற. கண்ணால பாத்தா உன்னால ஒரு வாய் சாப்பிட முடியாது." பாதி ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ஆனால் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

கணவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லேசாகச் சிரித்தார். மகள் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் வாய் ஓடும்.

"நானே ஒண்ணைக் கொன்னு, அறுத்து, சமைச்சுக் காட்டுறேன். என்னால முடியலைன்னா நானும் சைவம். இந்த அடுப்பைத் தூக்கி வாசல்ல வைக்கிறேன், வேணுங்கிறவங்க எடுத்துட்டுப் போகட்டும்!"

மகள் "டீல்" என்று கையை நீட்டினாள். நானும் பிடித்துக் குலுக்கினேன். கணவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வீராப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் சொன்ன சொல்லை விழுங்க மனம் வரவில்லை. ஒரு கோழியை அறுத்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கே வீட்டுக் கொல்லையில் கோழியை அறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து மயக்கம் போட்டு விழுவார். அப்போதுதான் தோழியின் நினைவு வந்தது.

அவள் அடுத்த தெருவில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பள்ளிக்கூட வயதில் இங்கே வந்தவள், கணக்காளர் வேலை. பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசிப் பேசிப் பழகியவள். அவள் மான் வேட்டைக்குப் போகிறவள் என்பது எங்கள் வட்டாரத்துக்கே தெரியும். ஒன்றே ஒன்றுதான் சுட்டிருக்கிறாள், பேச்சு மட்டும் நூறு சுட்டவள் பேச்சு. உனக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"காட்டுக்குள்ளை கதைக்கக் கூடாதக்கா," என்றாள். "எங்கடை சனத்தின்ரை கதையளைக் கேட்டுக் களைச்சுப் போன எனக்கு அதுதான் பிடிச்சது."

சும்மா போய்த் துப்பாக்கியைத் தூக்கிவிட முடியாது. பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, காவல்துறையிடம் விண்ணப்பம், காத்திருப்பு. மானுக்குத் தனி உரிமம். துப்பாக்கியை வைக்க இரும்புப் பெட்டகம் வாங்கிச் சுவரில் பொருத்த வேண்டும். பொருத்திய இடம் கராஜ்தான், என் அடுப்புக்கு நேர் எதிரே. கணவர்தான் டிரில் பிடித்துத் துளை போட்டார். "நல்லவேளை, இதையாவது வீட்டுக்குள்ள வேண்டாம்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே வெளியே வச்சுட்டேன்," என்றேன். அவர் தூசியைக் கூட்டி அள்ளிவிட்டு எழுந்து போனார்.

சுடப் பழகுவது நான் நினைத்ததைவிடச் சங்கடமாக இருந்தது. நான் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் தோளைத் தொட்டு, "தளர்த்துங்கள், மூச்சை விடுங்கள்" என்று சொல்லிச் சம்பாதிக்கிறவள். பயிற்சித் திடலில் துப்பாக்கியைப் பிடித்ததும் என் தோள் காதுவரை ஏறிக்கொண்டது. மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. முதல் நாள் தோளில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். அதைப் பார்த்த கணவர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

இங்கே மலைக்காட்டில் திரிகிற பெரிய மானின் படத்தைத் தோழி காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருநெல்வேலிப் பக்கத்து மலையில் இருக்கிற மிளா! பேருந்து மலையேறும்போது ஜன்னல் வழியாக நான் பார்த்த அதே காது, அதே கழுத்து மயிர். "எங்கடை ஊரிலை இதை மரை எண்டுவினம்," என்றாள் அவள். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். வந்த இடத்தில் பெருகிவிட்டன. ஊரில் ஒரு மிளாவைச் சுட்டால் ஜெயில். இங்கே அரசாங்கமே உரிமம் கொடுத்துச் சுடச் சொல்கிறது.

"பாருங்கோவன், பிஆர் விசாவுக்கு அலையாமலே இஞ்சை நிரந்தரமா இருந்திட்டுதுகள்," என்று தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குக் காரோட்டி வரும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்தியது. இத்தனை நாட்டு மிருகங்கள் இருக்க, ஊர்க்காரியைத்தானா சுடப்போகிறோம் என்று தோன்றியது.

முதல் பயணம் இலையுதிர்காலத்தில், கிப்ஸ்லாந்து மலைப்பக்கம். நாங்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும் என்று தெரிந்து கணவர் எனக்கு முன்னால் எழுந்து நல்லெண்ணெய் விட்டுப் புளியோதரை கிளறிக் கட்டிக்கொடுத்தார். நெற்றியில் விபூதி பூசிவிட்டார். மான் சுடப் போகிற மனைவிக்குச் சைவக்காரர் கட்டுச்சோறு கட்டுவதைப் பார்த்துத் தோழி காரில் போகும் வழியெல்லாம் சிரித்தாள்.

காட்டுக்குள் போய்ச் சத்தமில்லாமல் நடந்தோம். ஒரு சரிவில் இறங்கும்போது, "பாம்!" என்று லாரி ஹாரன் அடித்த மாதிரி ஒரு சத்தம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலால் தரையை உதைக்கும் ஓசை, பிறகு செடிகள் முறிபடும் ஓசை, அவ்வளவுதான். மிளா எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு ஓடிவிட்டது என்றாள் தோழி. அடுத்த பள்ளத்திலும் அதே ஹாரன். அதற்கடுத்ததிலும். தோழி நின்று யோசித்தாள். பிறகு திரும்பி என் பக்கம் வந்து, என் ஜாக்கெட்டில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"அக்கா, நீங்கள் வேட்டைக்கு வெளிக்கிட்டனீங்களோ, கோயிலுக்கு வெளிக்கிட்டனீங்களோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுப் பூஜையறை என்பது, போர்வை அடுக்குவதற்காகக் கட்டிக்கொடுத்த சுவர் அலமாரி. இங்கே பாதித் தமிழ் வீடுகளில் சாமி அங்கேதான் குடியிருக்கிறார். மேல்தட்டில் படங்களும் விளக்கும். கீழே ஒரு கொக்கி சும்மா இருந்ததால் புது ஜாக்கெட்டை அதில் மாட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கணவர் போடுகிற சாம்பிராணிப் புகையை அது மாதக்கணக்கில் குடித்திருந்தது. தலையில் தேங்காயெண்ணெய். முதுகுப்பையில் பெருங்காயம் மணக்கும் புளியோதரை. பல நூறு மீட்டர் தொலைவிலிருந்தே மனித வாடையைப் பிடிக்கிற பிராணி, ஒரு திருவிழாவே நடந்து வருவதாக நினைத்திருக்கும்.

"இந்த மணத்துக்கு அடுத்த மலையிலை நிண்டதும் ஓடியிருக்கும்," என்றாள் தோழி. இனி ஒளிந்து பயனில்லை என்று ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரையைத் தின்று தீர்த்தோம். அவள் இரண்டு பங்கு சாப்பிட்டாள்.

அதன்பிறகு ஜாக்கெட்டை வாசனையில்லாத சோப்பில் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன், முடி வைக்கோலானது. அடுத்த முறையும் ஒன்றும் அகப்படவில்லை. மகள் ஒவ்வொரு தடவையும், "சுட்டியா?" என்று கேட்பாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கவலையோடு கேட்டாள். எனக்குத்தான் அது கேலியாகக் காதில் விழுந்தது.

குளிர்காலம் வந்தபின் மூன்றாவது முறையாகக் கிளம்பினேன். கணவர் வழக்கம்போலப் புளியோதரை கட்டி மேடையில் வைத்திருந்தார். "வேண்டாம்," என்றேன். "மிளா மோந்துடும். ரொட்டியும் வாழைப்பழமும் போதும்." அவர் முகம் வாடியது. பூஜை அலமாரியிலிருந்து கொஞ்சம் விபூதி எடுத்துக் காகிதத்தில் மடித்து நீட்டினார்.

"இதுக்கு வாசம் கிடையாது. பையில வச்சுக்க."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நெற்றியைக் காட்டவில்லை.

அன்று காட்டில் பனி இறங்கியிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தோழி ஒரு சின்னப் புட்டியில் மாவு வைத்திருப்பாள். அது ஈரத்தில் கட்டிதட்டிப்போய்விட்டது. அவள் புட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் விட்டேன். அது எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. அப்படியென்றால் எங்கள் வாடை முன்னால் போகாது. தோழி என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "காத்து எங்காலை எண்டு சாமியே சொல்லிப்போட்டார், நடவுங்கோ," என்றாள் மெதுவாக.

சரிவின் விளிம்புக்கு வந்ததும் அதைப் பார்த்தேன். எதிர்ச்சரிவில், பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் மிளா. தனியாக நின்றது. கூடக் குட்டி இருக்கிறதா என்று தொலைநோக்கியில் நெடுநேரம் தேடினேன். இல்லை. ஒரு கொப்பை எட்டிப் பிடித்துக் கடித்து, காதை ஆட்டி ஆட்டி மென்றுகொண்டிருந்தது. நான் மரத்தில் சாய்ந்து துப்பாக்கியை நிறுத்தினேன்.

"அவசரப்படாதேங்கோ," என்று தோழி காதருகே சொன்னாள். "அது இன்னும் திரும்பட்டும்."

அந்த நேரத்தில் நான் கறியை நினைக்கவில்லை. மிளாவைக்கூட நினைக்கவில்லை. மகள் நீட்டிய கையும் கணவரின் சிரிப்பும்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன. இது ஓடிவிட்டால் அடுப்பு போய்விடும் என்று நினைத்தேன். அது திரும்புமுன் சுட்டுவிட்டேன்.

மிளா முதுகைக் கூனிக்கொண்டு ஒரு துள்ளல் துள்ளிப் பள்ளத்துக்குள் மறைந்தது. குண்டு பின்பக்கம் தள்ளிப் பட்டிருக்கிறது என்று அந்தக் கூனலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வலியில் உடம்பு எப்படிக் கூனும் என்பது என் தொழில். ஓடப்போன என்னைத் தோழி பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப கலைச்சா அது ஓடிக்கொண்டே இருக்கும். இருங்கோ. அது படுக்கட்டும்."

அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. எங்கோ கீழே ஒரு உயிர் என்னால் வலியில் கிடக்கிறது, நான் மேலே மரத்தடியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். மகள் சொன்னது சரி, என்னால் முடியாது, அடுப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் இப்போது விட்டுவிட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை என்றும் தெரிந்தது.

பெரணி இலைகளில் இரத்தத் துளிகளைத் தேடித் தேடி இறங்கினோம். ஓடைக்கரையில் அது படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழ முயன்றது, முடியவில்லை. பிறகு அசையாமல் என்னையே பார்த்தது.

"நான் சுடட்டோ அக்கா?"

"வேண்டாம். நான்தான ஆரம்பிச்சேன்."

இந்த முறை அவசரப்படவில்லை. வீட்டில் இருக்கிற யாரும் நினைவுக்கு வரவில்லை. சீக்கிரம் அதன் வலி தீர வேண்டும் என்ற ஒன்றைத் தவிர மனதில் எதுவும் இல்லை. மூச்சை விட்டேன், தோளைத் தளர்த்தினேன், சுட்டேன். தலை சாய்ந்தது.

ஈர மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தோழி என் முதுகில் கையை வைத்தாள். "அழுங்கோ," என்றாள். "அழாமல் இருந்திருந்தால் உங்களை இனிக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்." பிறகு எழுந்து, பொட்டலத்தில் மிச்சமிருந்த விபூதியை அதன் நெற்றியில் பூசினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. என் நெற்றிக்கு வந்ததை அதற்குக் கொடுத்தேன்.

அறுப்பது வேறு வேலை. கை பழகாத எனக்குக் காட்டுக்குள்ளேயே மதியமாகிவிட்டது. அதன் தோள்பட்டை எலும்பைத் தொட்டபோது தினமும் தொடுகிற தோள்கள் நினைவுக்கு வந்தன. கெட்டுப்போன பகுதியைத் தவிர மற்ற கறி எதையும் விட்டுவிட மனம் வரவில்லை. இருவருமாகச் சுமந்து சுமந்து காருக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டிகளில் அடுக்கினோம். வழியில் போனுக்கு சிக்னல் வந்தும் வீட்டுக்குச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாலையில் தெருமுனை திரும்பியதும், எங்கள் கராஜ் கதவு பாதி தூக்கியிருப்பது தெரிந்தது. தோழி என்னை ஐஸ் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனாள். குனிந்து உள்ளே பார்த்தேன். என் அடுப்புக்கு முன்னால் கணவர். கையில் ரப்பர் உறை, ஸ்க்ரப்பர். இத்தனை வருடத்தில் அவர் அந்த மேசையை விரலால்கூடத் தொட்டதில்லை. கரிபிடித்த அடுப்பு பளபளவென்று இருந்தது. கீழே புது சிலிண்டர். மேசை ஓரத்தில், நான் வேண்டாம் என்று விட்டுப்போன புளியோதரை டப்பா காலியாக இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"சிலிண்டர் தீந்து போச்சு. மாத்திட்டு வந்தேன். அப்படியே அடுப்பையும் கொஞ்சம் தேச்சேன்."

"நான் சுட்டேனா இல்லையான்னே உங்களுக்குத் தெரியாதே."

"சுட்டா என்ன, சுடாட்டி என்ன?" என்றார். "நீ சுட முடியாம அழுதுகிட்டு வருவன்னு நினைச்சேன். வந்ததும் இதைப் பாத்தா உனக்கே புரியும்னு நினைச்சேன். உன் அடுப்பைத் தூக்கிப் போட நான் விடுவேனா? அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீ கேக்குற நிலைமையிலயா இருந்த?"

பெட்டியின்மேலேயே உட்கார்ந்தேன். "அப்புறம் ஏன் அன்னைக்குச் சிரிச்சீங்க?"

அவர் யோசித்தார். எந்தச் சிரிப்பு என்றே அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை.

"அதுவா? அவ கையை ஆட்டி ஆட்டிப் பேசினது அச்சு அசல் உன்னை மாதிரியே இருந்துச்சு. அதான்."

நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் அந்த மிளா இருந்தது. அவ்வளவு தூரம் போய், அவ்வளவு வலியைக் கொடுத்து, நான் காப்பாற்றப் போன அடுப்பை யாரும் கேட்கவே இல்லை. பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையில் காய்ந்திருந்த இரத்தத்தைத் தன் ஈரத் துணியால் துடைத்துவிட்டார்.

பேச்சுக்குரல் கேட்டு மகள் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பந்தயத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அது உன்னைப் பாத்துச்சா?"

"பாத்துச்சு. முதல் தடவை நான் சரியாச் சுடலை. ரெண்டாவது தடவை சுட வேண்டியதாப் போச்சு."

அவள் உள்ளே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. "எனக்கு வேண்டாம். ஆனா உன்கூட இருக்கேன்," என்று சொல்லி, சின்ன வயதில் உட்காருகிற அதே படியில் உட்கார்ந்தாள்.

புது சிலிண்டரைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தேன். முதுகுக் கறியில் ஒரு பிடி எடுத்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினேன். அம்மா வீட்டு அளவுதான். கணவர் கராஜ் கதவை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டு அங்கேயே நின்றார். முதல் துண்டை வாயில் வைத்தேன். நன்றாக வெந்திருந்தது. உப்பும் சரியாக இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

"காரமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

இல்லை என்றேன்.